தலைப்பிரசவமும் சிசேரியனும்: விளைவை எங்கே அளப்பது?

சிசேரியனைப் பற்றிய பேச்சு நம் ஊரில் பெரும்பாலும் ஒரு விழுக்காட்டோடு நின்றுவிடுகிறது. 2015-16இன் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 34.1 விழுக்காடு சிசேரியன். 2019-21இல் அது 44.9. அகில இந்திய அளவு 21.5. மக்கள்தொகை அளவில் 10 விழுக்காட்டுக்கு மேல் சிசேரியன் கூடுவதால் தாய், சிசு மரணங்கள் குறைவதற்குச் சான்றில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் அறிவித்தது. இரண்டையும் அருகருகே வைத்து அளவு மீறிவிட்டதென்று தீர்ப்பெழுதுவது எளிது. ஆனால் எந்தப் பெண்ணுக்கு, எத்தனையாவது வாரத்தில், எதற்காக அறுவை நடந்தது என்பதை மொத்த விழுக்காடு சொல்வதில்லை. சிசேரியனின் நன்மை தீமையைத் தலைப்பிரசவத்தில் அளக்க வேண்டும், அந்த அளவையை அடுத்த பேறு வரை நீட்டவும் வேண்டும் என்பதே என் வாதம்.

இந்த அறுவை உயிர் காக்கிறது என்பதில் ஐயமில்லை. நஞ்சுக்கொடி கருப்பை வாயை மூடியிருந்தால் வேறு வழியே கிடையாது. காலோ பிட்டமோ முன்வரும் குழந்தைகளைப் பற்றி 2000இல் வெளியான பன்னாட்டுச் சோதனையில், திட்டமிட்ட சிசேரியனில் சிசு மரணமும் கடும் பாதிப்பும் சேர்ந்து 1.6 விழுக்காடு, இயல்பான பேற்றுக்குத் திட்டமிட்டவர்களிடம் 5.0. சேலம்–நாமக்கல் நெடுஞ்சாலையை ஒட்டிய புதுச்சத்திரம் போன்ற ஒன்றியத்தில் இதன் பொருள் இன்னும் கனமானது. செவிலியர் பிரசவம் பார்க்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் திடீரென்று சிக்கல் வந்தால், ராசிபுரத்துக்கோ நாமக்கல்லுக்கோ சேலத்துக்கோ 108 வண்டியில் போய்ச் சேர்வதற்குள் நேரம் ஓடிவிடும். தாய்மார் இறப்பு குறைந்ததில் சிசேரியனுக்குப் பங்குண்டு என்று மருத்துவர்கள் சொல்வது உண்மை. ஆயினும் அது கூடக்கூட இறப்பு குறையும் என்ற முடிவுக்கு அங்கிருந்து தாவ முடியாது. கேரளத்தில் சிசேரியன் 38.9 விழுக்காடு, 2018-20இல் ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புகளுக்குத் தாய்மார் இறப்பு 19. தமிழ்நாட்டில் இவை 44.9, 54, தெலங்கானாவில் 60.7, 43. இந்த மூன்று மாநிலங்களிலும் ஒன்று ஏற மற்றொன்று இறங்கும் ஒழுங்கு தென்படவில்லை. இரத்தம், மயக்க மருத்துவர், போக்குவரத்து, பேற்றுக்குப் பிந்தைய முதல் நாளின் கவனிப்பு ஆகியவையும் அந்த எண்களுக்குள் இருக்கின்றன.

இன்னொரு சான்று இதைவிட உறுத்துகிறது. 2019-21இல் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் சிசேரியன் 36.0 விழுக்காடு, தனியாரில் 63.8. வலிப்பு, இரத்தச்சோகை, இருதய நோய் என்று ஆபத்து மிகுந்த கர்ப்பிணிகள் கடைசியில் வந்து சேர்வது அரசு மருத்துவக் கல்லூரிகளுக்குத்தான். நோயின் தேவை மட்டுமே முடிவைத் தீர்மானித்தால் இந்த எண்கள் தலைகீழாக இருந்திருக்கும். தனியாருக்குப் போகிறவர்களில் வயது கூடியவர்கள், குழந்தைப்பேறு சிகிச்சை பெற்றவர்கள், தாமே அறுவை கேட்பவர்கள் அதிகம் எனலாம். அது ஓரளவு சரி. எனினும் ஏறத்தாழ 28 புள்ளி இடைவெளி முழுவதையும் அதன்மேல் ஏற்றிவிட முடியாது. ஒரே மருத்துவர் இரவு பகலாக வலியைக் கண்காணிக்க வேண்டிய சிறிய நர்சிங் ஹோமின் அமைப்பும், ஏதாவது ஆகிவிட்டால் உறவினர் கூட்டம் திரண்டுவிடும் என்ற அச்சமும், நல்ல நேரம் குறித்துத் தரும் குடும்பங்களும் இதில் கலந்திருக்கின்றன.

கெடுதல் பெரும்பாலும் தாமதமாகத்தான் வெளிப்படுகிறது. முதல் அறுவையின் தழும்பில் அடுத்த கர்ப்பத்தின் நஞ்சு வேரூன்றினால், பிரசவத்தில் அது பிரிந்து வராமல் உதிரம் கொட்டும். கருப்பையையே எடுக்க நேரலாம். நஞ்சு கீழிறங்கியிருந்த பெண்களில் இப்படி ஒட்டிக்கொள்வது முதல் சிசேரியனில் 3 விழுக்காடு, இரண்டாவதில் 11, மூன்றாவதில் 40 என்று 2006இன் அமெரிக்க ஆய்வு காட்டியது. நம் பெண்கள் இரண்டோடு நிறுத்திக்கொள்கிறார்களே, 2019-21இல் மாநிலத்தின் கருவள விகிதமே 1.8தானே என்று கேட்கலாம். மூன்றாவது, நான்காவது அறுவையின் அபாயம் இங்கே அரிது என்பது சரிதான். ஆனால் 3 என்பது 11 ஆவது அந்த இரண்டாவது பேற்றில்தான். குழந்தையின் பக்கம் நாள் கணக்கே முக்கியம். வலி வருமுன் மறுபடி சிசேரியன் செய்துகொண்டவர்களை ஆராய்ந்த 2009இன் ஆய்வில், மூச்சுத்திணறல் முதலான பாதிப்புகள் 37ஆம் வாரத்தில் 15.3 விழுக்காடு, 38இல் 11.0, 39இல் 8.0. நுரையீரல் பக்குவப்படும் அந்த இரண்டு வாரத்தைப் பஞ்சாங்கம் பார்த்து விட்டுக்கொடுக்கக் கூடாது.

ஆகவே பார்க்க வேண்டியது முதல் அறுவை எதற்காக என்பது. மைக்கேல் ராப்சன் 2001இல் வகுத்த பத்துப் பிரிவுகளில் முதலாவது, தலைப்பிரசவம், நாள் நிறைவு, ஒற்றைக் குழந்தை, தலை கீழே, தானாக வந்த வலி என்பது. ஆபத்து மிகக் குறைந்த இந்தப் பிரிவில் சொல்லப்படும் காரணங்களை உற்று நோக்க வேண்டும். "கொடி சுத்தியிருக்கு" என்பது ஒன்று. நாள் நிறைந்த குழந்தைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுக்கு அப்படி இருக்கும். நாடித்துடிப்பு சீராக இருக்கும்வரை அது மட்டும் அறுவைக்குக் காரணமாகாது. "வாய் திறக்கலை" என்பது மற்றொன்று. கருப்பை வாய் 4 செ.மீ. விரிந்தபின் மணிக்கு 1 செ.மீ. வீதம் விரிய வேண்டும் என்ற பழைய விதியை உலக சுகாதார நிறுவனம் 2018இல் தளர்த்தி, தீவிரக் கட்டம் 5 செ.மீ.இல்தான் தொடங்குகிறது என்றது. 3 செ.மீ.இல் "முன்னேற்றமில்லை" என்று எழுதப்படும் அறுவை, வலியின் தீவிரக் கட்டமே தொடங்காத பெண்ணுக்குச் செய்யப்படும் அறுவை. வலியில் கூடவே ஒரு பெண் துணையிருந்தால் சிசேரியன் குறைகிறது என்பதும் பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்து உறுதியான செய்தி.

முதல் அறுவைக்குப் பின் இயல்பான பேறு ஆபத்தென்பதால் மறுபடி சிசேரியனே பத்திரம் என்ற வாதத்தையும் எடைபோட வேண்டும். 2004இன் பெரிய அமெரிக்க ஆய்வில் முயன்றவர்களில் 73 விழுக்காட்டினர் இயல்பாகவே பெற்றனர்; கருப்பை கிழிந்தது 0.7 விழுக்காட்டினருக்கு. உடனே அறுவை செய்ய வசதியில்லாத நிலையத்தில் அந்த 0.7உம் பெரிதுதான், அங்கே முயலக் கூடாது. நாமக்கல், சேலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் முயலலாம். அதற்கு முதல் அறுவையின் விவரம் வேண்டும். வளைகாப்பு முடிந்து தாய்வீடு போய்த் தலைப்பிரசவம், இரண்டாவதற்குப் புகுந்த வீட்டுப் பக்கம் வேறொரு மருத்துவமனை என்பது இந்த வட்டாரத்து வழக்கம். வீடு திரும்பும் சீட்டில் "எல்எஸ்சிஎஸ்" (கருப்பையின் கீழ்ப்பகுதியில் வெட்டிய சிசேரியன்) என்ற நான்கெழுத்து மட்டும் இருந்தால் அடுத்த மருத்துவர் என்ன செய்வார்? எந்த வாரம், எத்தனை செ.மீ.இல், என்ன காரணத்துக்காக, கருப்பையில் எந்தத் திசையில் வெட்டு, அந்த வெட்டு கிழிந்து நீண்டதா என்ற ஐந்து விவரங்களைச் சீட்டிலும், கர்ப்பிணிகளைப் பதியும் பிக்மி இணையப் பதிவிலும் கட்டாயமாக்கினால் இரண்டாவது பேற்றின் முடிவை ஊகத்துக்கு விடவேண்டியதில்லை. மருத்துவமனைவாரியாக ராப்சன் முதற்பிரிவின் கணக்கையும் அதே பதிவிலிருந்து எடுக்க முடியும்.