வானலையில் மறைந்து மீண்ட இசை

1935ஆம் ஆண்டு ஓகஸ்ட் 21ஆந் திகதி இரவு, லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் பலோமர் நடன மண்டபத்திலே பெனி குட்மன் என்னும் கிளாரினெட் வித்துவானின் குழு வாசித்தது. வழியில் பல ஊர்களில் வரவேற்பின்றிச் சோர்ந்து வந்த அக்குழுவை அன்று பேராரவாரம் எதிர்கொண்டது. வானொலியின் வாயிலாக அவ்விசையை முன்னரே கேட்டுப் பழகிய இளைஞர்கள் மண்டபத்தில் நிறைந்திருந்தமையே அதற்குக் காரணம். சுவிங் என்னும் பெருங்குழு இசையின் பொற்காலம் அந்த இரவிலே தொடங்கிற்று என்பர்.

எனினும், அவ்விசையின் வேர் கறுப்பின அமெரிக்கரிடமே உள்ளது. குட்மனுக்குப் புகழ் தேடித்தந்த உருப்படிகள் பலவற்றை அமைத்தவர் ஃபிளெச்சர் ஹென்டர்சன். டியூக் எலிங்டன், கவுண்ட் பேசி ஆகியோரின் குழுக்கள் அதனை உச்சத்திற்கு உயர்த்தின. டிரம்பெட், டிரொம்போன், சக்ஸபோன் முதலியவற்றை ஏந்திய பன்னிருவருக்கு மேற்பட்டோர் எழுதிய சுரங்களை ஒருமித்து வாசிப்பர்; இடையே ஒருவர் எழுந்து தம் கற்பனைக்கேற்பத் தனித்து வாசிப்பார். எழுத்தும் கற்பனையும் இவ்வாறு இணைந்ததே அவ்விசையின் உயிர்.

அப்பொற்காலம் நெடிது நீடிக்கவில்லை. போர் கலைஞரைப் படைக்கு இழுத்தது. 1942 ஓகஸ்டில் இசைக்கலைஞர் சங்கம் ஒலிப்பதிவை நிறுத்திப் போராடியது. 1944இல் நடன விடுதிகள்மீது கடும் வரி விழுந்தது. பாடகர்கள் முன்னே வர, குழுக்கள் பின்னே சென்றன. 1946 திசெம்பரில் குட்மன் உட்படப் பல தலைவர்கள் தம் குழுக்களைக் கலைத்தனர்.

எஞ்சியவை சுர ஏடுகளும் இசைத்தட்டுகளுமே. அக்காலத்துச் சாதாரணத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடமே அடங்கும். மண்டபத்தில் விரிந்து சென்ற கற்பனை தட்டிலே குறுகிற்று. வானொலியில் ஒலித்த நீண்ட வாசிப்புகளோ காற்றோடு கலந்தன.

அவற்றுட் சிலவற்றைக் காத்தவர் நியூ யோர்க்கில் பணியாற்றிய பில் சவோரி என்னும் ஒலிப்பதிவாளர். 1930களின் பிற்பகுதியில் அவர் ஒலிபரப்புகளை நேரே தட்டுகளிற் பதிந்து வைத்தார். 2004இல் அவர் மறைந்த பின்னர், 2010இல் ஹார்லம் தேசிய ஜாஸ் அரும்பொருளகம் அத்தட்டுகளைப் பெற்றது. சில தட்டுகள் பழுதடைந்திருந்தபோதிலும், ஏறத்தாழ நூறு மணிநேர இசை அவற்றில் இருந்தது. கோல்மன் ஹோக்கின்ஸ் 1939இல் மூன்று நிமிடத்தில் பதிவுசெய்து புகழ்பெற்ற ஓர் உருப்படியை, 1940இல் அதன் ஏறத்தாழ இருமடங்கு நேரம் வாசித்த ஒலிபரப்பும் அவற்றுள் ஒன்று. 2016 முதல் இத்தொகுப்பின் பகுதிகள் பொதுமக்களின் செவிக்கும் எட்டின.

மறுமலர்ச்சி வேறு வழியிலும் நிகழ்ந்தது. 1988இல் நியூ யோர்க்கின் லிங்கன் நிலையத்திலே ஒரு பெருங்குழு உருவாயிற்று. 1990களின் நடுப்பகுதி தொட்டு அந்நிலையம் எலிங்டனின் உருப்படிகளைச் சுர ஏடுகளாக்கிப் பள்ளிகளுக்கு அனுப்பி, மாணவர் குழுக்களுக்குப் போட்டியும் நடத்தி வருகின்றது.

ஏடு எதனை வாசிப்பது என்று சொல்லும். எவ்வாறு வாசிப்பது என்பதைச் செவியே கற்க வேண்டும். தாளத்தை இம்மியளவு பிந்தவிடும் அந்த நயம் சுரக்குறியில் அடங்காது. ஆதலால், ஏட்டை ஏந்தும் இளைஞனுக்குப் பழைய ஒலியே ஆசான். பலோமரில் அன்று செவிகளை ஆயத்தம் செய்தது வானொலி. அதன் ஒலிபரப்பைத் தட்டிற் காத்துவைத்த ஒருவரின் உழைப்பினால், அதே வானொலி இன்றும் அவ்விசைக்குச் செவிகளை ஆயத்தம் செய்கின்றது.