அனைவருக்குமான நூலகத் தேடல் பயிற்சி

நூலகத்தில் வேண்டிய தகவலைத் தேடவும், கிடைத்ததன் நம்பகத்தை எடைபோடவும், ஆய்வில் முறையாகப் பயன்படுத்தவும் கற்றுத் தருவது தேடல் பயிற்சி. பார்வையற்றவர், தமிழ்வழியில் படித்தவர், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர் என எல்லோரையும் மனத்தில் வைத்து அதைத் தொடக்கத்திலேயே திட்டமிட வேண்டும் என்பது அனைவருக்குமான கற்பித்தல் வடிவமைப்பின் அடிப்படை.

அமெரிக்காவில் 1984-இல் தொடங்கப்பட்ட காஸ்ட் அமைப்பு இக்கருத்தை வளர்த்தது. நூலகத் துறையிலோ, சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இலேயே இதையொத்த கருத்தை முன்வைத்துவிட்டார். நூலக அறிவியலுக்கு அவர் வகுத்த ஐந்து விதிகளில் இரண்டாவது, வாசகர் ஒவ்வொருவருக்கும் உரிய நூல் கிடைக்கவேண்டும் என்பது. நான்காவது, வாசகரின் நேரத்தைக் காப்பது. தேடத் தெரியாதது மாணவர் குறை என்று நூலகர் ஒதுங்க இவை இடம் தருவதில்லை.

தேடுசொற்களைத் தேர்ந்தெடுக்கக் கற்பிக்க, செராமிக் தொழிலுக்குப் பேர்போன விருத்தாசலத்தையே பாடமாக எடுத்துக்கொள்ளலாம். நூற்பட்டியலில் ஊர்ப்பெயரைத் தட்டினால் புதுமைப்பித்தன் வந்து நிற்கக்கூடும். அவருடைய இயற்பெயர் சொ. விருத்தாசலம்! தேவாரத் தலமாகத் தேடுபவருக்குத் திருமுதுகுன்றம் என்ற பழம்பெயர் வேண்டும். ஊர் இருக்கும் கடலூர் மாவட்டம் 1993-இல்தான் உருவானது. அதற்கு முந்தியவை தென்னாற்காடு என்ற பெயரில் இருக்கும். டபிள்யூ. பிரான்சிஸின் 1906 கெசட்டியரும் அப்படித்தான். ஆங்கிலத்திலோ ஊர்ப்பெயரை ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். தொழிலைத் தேடவும் பீங்கான், சுடுமண், களிமண், செராமிக் என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும்.

இந்தத் தேடுசொற்களின் பட்டியலை ஆசிரியர் கரும்பலகையில் எழுதிப் போடுவதைவிட வகுப்பே சேர்ந்து தொகுப்பது நல்லது. அகல் விளக்கும் பொம்மையும் செய்யும் பட்டறை வீட்டுப் பிள்ளைக்கு, ஆங்கிலம் தடுமாறினாலும், சூளையைப் பற்றிய சொற்கள் அத்துப்படி. அந்த வகுப்பில் அவரே வழிகாட்டி.

பார்வையற்ற மாணவருக்குச் சிக்கல் வேறு. பக்கங்களைப் படமாக வருடிய கோப்பை, எழுத்துணரி கொண்டு உரையாக மாற்றாவிட்டால், திரைவாசிப்பான் மென்பொருள் சரிவரப் படிப்பதில்லை. மாற்றும்போது பழைய தமிழ் அச்சில் பிழைகள் மலியும். பார்வைக் குறைபாடுள்ளோர் நூல்களை அணுக வழிசெய்யும் மராகேஷ் உடன்படிக்கையை 2014-இல் முதலில் ஏற்புறுதி செய்த நாடு இந்தியா. 2016-இல் அவர்களுக்கென சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகம் வந்தது. சென்னை கோட்டூர்புரத்தில் 2010-இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பிரெயில் பிரிவு தரைத்தளத்தில் இருக்கிறது.

மதிப்பீட்டிலும் இதே கவனம் தேவை. தேடிய பாதையைக் கட்டுரையாக எழுதலாம், வாய்மொழியாகச் சொல்லலாம், பதிவு செய்தும் தரலாம். எந்தச் சொல் பலன் தரவில்லை, அடுத்து எதற்கு மாறினார் என்பதற்கே மதிப்பெண்.