யோர்டானில் ஒரு வீடு: ஆம்ஸ்டர்டாம் உழைப்பாளர் பேட்டையின் நான்கு நூற்றாண்டு

ஆம்ஸ்டர்டாமின் பழைய நகரத்துக்கு மேற்கே, ப்ரின்சன் கால்வாயைத் தாண்டியதும் யோர்டான் தொடங்குகிறது. வடக்கே ப்ரௌவர்ஸ் கால்வாயும் தெற்கே லைட்ஸ கால்வாயும் அதற்கு எல்லை. ஒடுங்கிய தெருக்கள், ஒட்டி ஒட்டி நிற்கும் செங்கல் வீடுகள், முற்றத்தைச் சுற்றிய பழைய தர்மக் குடியிருப்புகள் என்று இன்று உலகெங்கிலுமிருந்து ஆட்கள் வந்து பார்த்துப்போகும் இடம் அது. நெதர்லாந்தில் வீட்டு விலை மிக உயர்ந்த பகுதிகளில் ஒன்றும்கூட. ஆனால் இந்தப் பேட்டை சொந்த வீடு வாங்கக்கூடியவர்களை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டதல்ல. தோல் பதனிடுவோர், சாயக்காரர், சுமைகூலிகள், புகலிடம் தேடி வந்த வெளியூரார் ஆகியோர் குடக்கூலிக்கு இருக்கவே இது உருவானது.

1585இல் ஆன்ட்வெர்ப் நகரம் ஸ்பானியப் படையிடம் வீழ்ந்தபின், தெற்கிலிருந்து வணிகரும் கைவினைஞரும் ஆயிரக்கணக்கில் ஆம்ஸ்டர்டாமுக்கு வந்து சேர்ந்தனர். 1622ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நகர மக்கள்தொகை ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. மதிலுக்குள் இடமில்லாததால், வெளியே இருந்த தோட்டங்களிலும் வாய்க்கால் ஓரங்களிலும் அனுமதியில்லாத குடிசைகளும் பட்டறைகளும் பெருகின. நகர அவை புதிய மதில் எழுப்பி, 1613இல் மேற்குப் பக்கத்தை நகரத்துக்குள் இழுத்துக்கொண்டது. ஹேரன், கைசர், ப்ரின்சன் என்ற புகழ்பெற்ற கால்வாய் வளையம் அப்போது வெட்டத் தொடங்கியதுதான். அதே மதிலுக்குள், வளையத்துக்கு வெளிப்புறமாக எஞ்சிய நிலமே யோர்டான்.

எந்த நிலம் நகருக்குள் வரப்போகிறது என்பதை அவையில் இருந்தவர்கள் முன்கூட்டியே அறிந்திருந்தனர். நகரத் தலைவர்களில் ஒருவரான பிரான்ஸ் ஓட்கென்சும் அவருடைய உறவினர் பார்ட்டோல்ட் க்ரொம்ஹௌட்டும் மேய்ச்சல் நிலங்களைச் சத்தமில்லாமல் வாங்கிச் சேர்த்தனர். கவிஞர் பி. சி. ஹோஃப்டின் தந்தையும் நகரத் தலைவராக இருந்தவருமான கோர்னெலிஸ் ஹோஃப்ட் இதை வெளிப்படையாகக் கண்டித்தார். பொதுப்பணத்தில் எழும் மதில் சிலருடைய சொந்த நிலத்தின் விலையை ஏற்றுவது முறையல்ல என்பது அவர் வாதம். அவர் சொன்னது நியாயம். இருந்தும் நிலம் வாங்கியவர்கள் பதவியையும் லாபத்தையும் இழக்கவில்லை.

இந்தப் பண விவகாரம் யோர்டானின் தெருப்படத்தில் அப்படியே பதிந்திருக்கிறது. பணக்காரர்களுக்கான கால்வாய் வளையத்தில் நகரம் நிலத்தைக் கையகப்படுத்தி, மண் கொட்டி உயர்த்தி, நேர்க்கோட்டில் மனைகளாக அளந்து ஏலத்தில் விற்றது. யோர்டானுக்கு அந்தச் செலவைச் செய்ய நகரம் முன்வரவில்லை. நிலம் பழைய உரிமையாளர் கையிலேயே இருந்தது. மேய்ச்சல் நிலத்தின் வடிகால் ஓடைகளே அகலப்படுத்தப்பட்டுக் கால்வாய்களாயின, வரப்புகள் தெருக்களாயின. ஆகவேதான் யோர்டானின் தெருக்கள் பெரிய கால்வாய்களுக்கு இணையாகவோ செங்குத்தாகவோ போகாமல் சாய்கோணத்தில் வந்து முட்டுகின்றன. தரைமட்டம் தாழ்ந்து கிடந்ததால் ஈரமும் துர்நாற்றமும் பேட்டையை விட்டு நீங்கவில்லை. ரோஜா, லில்லி, சாமந்தி, லின்டன் மரம் என்று தெருக்களுக்கு வைத்த பெயர்களுக்கும் அங்கே வீசிய காற்றுக்கும் நெடுங்காலம் சம்பந்தமே இருந்ததில்லை.

தச்சரும் கொத்தனாரும் சிறு முதலாளிகளும் ஒன்றிரண்டு மனைகளை வாங்கி வீடு கட்டினர். சேற்று நிலம் என்பதால் பைன், ஸ்ப்ரூஸ் மரத்தூண்களைச் சுமார் 12 மீட்டர் ஆழத்தில் உள்ள முதல் மணல் அடுக்குவரை அடித்து இறக்கி, அதன்மேல் செங்கல் சுவர் எழுப்புவது ஆம்ஸ்டர்டாம் முறை. அகலமான மனைக்குத் தூணும் செங்கல்லும் கூடுதலாகத் தேவைப்படும். எனவே வீடுகள் ஒடுங்கி, உள்நோக்கி நீண்டு, மேல்நோக்கி வளர்ந்தன. படிக்கட்டு ஏணிபோல் செங்குத்தாக இருப்பதால் சாமான்களை வெளியிலிருந்து கயிறுகட்டி ஏற்ற, உச்சியில் ஓர் உத்திரமும் கொக்கியும் வைத்தார்கள். இன்றும் வீடு மாறுவோர் அதைப் பயன்படுத்துகிறார்கள். தெரு வீட்டுக்குப் பின்னால் இன்னொரு வீடு, அதற்குப் போக ஓர் ஆள் நுழையும் சந்து, சந்தின் கோடியில் மேலும் சில அறைகள் என்று ஒரே மனையில் வாடகைக்குடிகளை அடுக்கினர்.

கதவிலக்கம் இல்லாத அந்தக் காலத்தில் முகப்புச் சுவரில் பதித்த செதுக்குக் கல்லே வீட்டின் அடையாளம். ப்ளூம் கால்வாயில் 87 முதல் 91 வரையுள்ள மூன்று வீடுகள் 1642ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. அவற்றின் கற்களில் நகரத்தான், நாட்டுப்புறத்தான், கடலோடி என மூவர் நிற்கிறார்கள். விற்பனைப் பத்திரத்திலும் இத்தகைய அடையாளமே எழுதப்பட்டது.

வீடு கைமாறுவது நகரநீதிபதிகள் முன்னிலையில் நடந்தது. விற்பவர் அவர்கள் முன் உரிமையை விட்டுக்கொடுப்பார். அது பதிவேட்டில் ஏறும். விலையில் நாற்பதில் ஒரு பங்கு வரியாகப் போகும். ஆம்ஸ்டர்டாமின் இத்தகைய பதிவேடுகள் பதினாறாம் நூற்றாண்டிலிருந்தே நகர ஆவணக் காப்பகத்தில் உள்ளன. நிலத்தை எழுத்தில் பிடித்துவைக்கும் இந்தப் பழக்கத்தை டச்சுக்காரர்கள் போன இடமெல்லாம் கொண்டுசென்றனர். இலங்கையில் போர்த்துக்கேயர் தொடங்கிய தோம்பு எனும் நிலப் பதிவேடுகளை அவர்கள் விரித்தெழுதியதும் அந்த மரபில் வந்ததே.

பல வீடுகள் ஏலத்துக்கும் வந்தன. ஆம்ஸ்டர்டாம் ஏலத்துக்கு இரண்டு சுற்றுகள். முதல் சுற்றில் விலை ஏறும். அதில் மிக உயர்ந்த தொகை கேட்டவருக்குச் சிறு சன்மானம் உண்டு. இரண்டாம் சுற்றில் ஏலக்காரர் அதற்கும் மேலான ஒரு தொகையிலிருந்து இறங்கிக்கொண்டே வருவார். 'எனக்கு' என்று முதலில் குரல் கொடுப்பவருக்கு வீடு. யாரும் வாய் திறக்காவிட்டால் முதல் சுற்றில் வென்றவர் தாம் கேட்ட விலைக்கு வாங்கியே ஆகவேண்டும். சன்மானத்துக்கு ஆசைப்பட்டு விலையை ஏற்றிவிட்டவர் வேண்டாத வீட்டைத் தலையில் கட்டிக்கொள்ளும் ஆபத்தும் இதில் இருந்தது. இந்த ஏலமுறை ஆம்ஸ்டர்டாமில் இன்றும் வழக்கொழியவில்லை.

முழுப்பணமும் கையில் இல்லாதவர் பாக்கித் தொகைக்கு வீட்டையே ஈடாக எழுதிக்கொடுத்து, விற்றவருக்குத் தவணையில் செலுத்தலாம். இது எப்படி முடியக்கூடும் என்பதற்கு ஓவியர் ரெம்ப்ராண்டின் வாழ்க்கையே சான்று. 1639இல் அவர் நகரின் கிழக்குப் பக்கத்தில், ப்ரேஸ்ட்ராட் தெருவில் 13,000 கில்டருக்கு ஒரு பெரிய வீடு வாங்கினார். முதல் ஆண்டில் கால்பங்கு, மீதி ஐந்தாறு ஆண்டுகளில் என்பது ஒப்பந்தம். நல்ல வரும்படி இருந்த நாள்களிலும் அவர் பாக்கியைத் தீர்க்கவில்லை. 1653இல் விற்றவர் நெருக்கியபோது கடன்மேல் கடன் வாங்கினார். 1656இல் நொடித்தார். 1658இல் வீடு ஏலத்தில் சுமார் 11,000 கில்டருக்குப் போனது. அதன்பின் அவர் குடியேறியது யோர்டானின் ரோசன் கால்வாய்க் கரையில் ஒரு வாடகை வீட்டில். ஆண்டுக்கு 225 கில்டர் குடக்கூலி. 1669இல் அங்கேயே காலமாகி, அருகிலிருந்த வெஸ்டர்கெர்க் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். வீட்டை இழந்த ஒரு குடும்பம் கௌரவமாக ஒதுங்கக்கூடிய இடமாக அன்றைய யோர்டான் இருந்தது.

வாங்கியவர் எல்லோரும் செல்வம் சேர்த்தார்கள் என்றும் சொல்லிவிட முடியாது. பொருளியலாளர் பீட் ஐக்ஹோல்ட்ஸ், 1628 முதல் 1973 வரை ஹேரன் கால்வாய் வீடுகளின் விற்பனை விலைகளைத் தொகுத்து ஆராய்ந்தார். பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்தால், நகரின் மிகச் சிறந்த அந்தத் தெருவில்கூட ஏறத்தாழ மூன்றரை நூற்றாண்டில் விலை இரட்டிப்பானது, அவ்வளவே. கொள்ளைநோய், போர், வணிகச் சரிவு என ஒவ்வொன்றுக்கும் விலை விழுந்து எழுந்தது. வீட்டு விலை என்றைக்கும் ஏறிக்கொண்டே இருக்கும் என்ற நம்பிக்கை அண்மைக்காலத்தது. பழைய ஆம்ஸ்டர்டாம்காரர் வீட்டை வாடகை வரும் முதலாகவே கருதினார்.

நெப்போலியன் ஆட்சியோடு முறைகள் மாறின. 1811 முதல் பிரெஞ்சுச் சட்டப்படி நோட்டரியும் அடமானப் பதிவு அலுவலகமும் வந்தன. 1832இல் நாடு முழுவதற்குமான நில அளவைப் பதிவேடு நடைமுறைக்கு வந்து, ஒவ்வொரு மனைக்கும் எண்ணும் வரைபடமும் கிடைத்தன.

அந்த வரைபடத்தில் சுத்தமாகத் தெரிந்த மனைகளுக்குள் பத்தொன்பதாம் நூற்றாண்டு யோர்டான் மூச்சுமுட்டிக் கிடந்தது. பேட்டையின் மக்கள்தொகை அந்நூற்றாண்டு முடியும்போது 80,000 அளவை எட்டியது. தரைக்குக் கீழே இருந்த நிலவறைகளில் குடும்பங்கள் வாழ்ந்தன. ஒற்றை அறையில் பெற்றோரும் பிள்ளைகளும் முடங்கினர். கழிவு போய்ச்சேர்ந்த கால்வாய் நீர்தான் வாசலில் நின்றது. காலரா திரும்பத் திரும்ப வந்தது. வீட்டுக்காரர்களில் பலர் வேறு பகுதியில் இருந்துகொண்டு வாரந்தோறும் ஆள் அனுப்பி வாடகை வசூலித்தனர். பழுதுபார்க்க அவர்களுக்கு அவசியம் நேரவில்லை, ஏனென்றால் காலியாகும் அறைக்கு மறுநாளே வேறு குடி கிடைத்தது. மாநகராட்சி கால்வாய்களைத் தூர்க்கத் தொடங்கியது. 1857இல் மிக ஏழ்மையான சாமந்திக் கால்வாய் மூடப்பட்டு வில்லம்ஸ் தெருவானது. 1861இல் இன்றைய வெஸ்டர் தெரு, 1889இல் ரோசன் கால்வாய் என ஆறு கால்வாய்கள் 1895க்குள் தெருக்களாயின. சிலவே எஞ்சின. அவற்றின் கரைகளில்தான் இன்று விலை உச்சத்தில் இருக்கிறது.

கோபம் அடிக்கடி வெடித்தது. 1886 ஜூலையில் லின்டன் கால்வாய்க் கரையில் விலாங்குமீன் விளையாட்டு ஒன்றைப் போலீஸ் தடுத்ததில் மூண்ட கலவரத்தில் 26 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஒரு விளையாட்டுக்காக இத்தனை உயிர் போயிருக்காது. வறுமையும் நெரிசலும் காத்திருந்த தருணம் அது. 1901இல் வந்த வீட்டுவசதிச் சட்டம் குடியிருக்கத் தகுதியற்ற வீடுகளை மூடும் அதிகாரத்தை நகராட்சிகளுக்குக் கொடுத்தது. லாபநோக்கற்ற வீட்டுச் சங்கங்களுக்கு அரசுக் கடனும் கிடைத்தது. நிலவறைகளும் சந்து வீடுகளும் மெல்ல மெல்லக் காலியாயின.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் யோர்டானின் பெரும்பகுதியை இடித்து அகலமான சாலைகளும் அடுக்குமாடிகளும் எழுப்பவேண்டும் என்ற திட்டங்கள் வந்தன. குடும்பங்கள் மேற்கே புறநகர்களுக்கும் பின்னாளில் பூர்மரென்ட், அல்மேர போன்ற ஊர்களுக்கும் பெயர்ந்தன. காலியான வீடுகள் சரிந்து விழும் நிலையில் மரமுட்டுகளில் நின்றன. அவற்றை வாங்கிப் புதுப்பித்துக் காட்டியவர்களுக்குப் பேட்டை கடன்பட்டிருக்கிறது. 1918இல் தொடங்கிய ஹென்ட்ரிக் டி கைசர் சங்கமும், 1956இல் உருவான ஸ்டாட்ஸ்ஹெர்ஸ்டெல் நிறுவனமும் சிதிலமான வீடுகளை விலைக்கு வாங்கிச் சீராக்கி வாடகைக்கு விட்டன. கற்சிற்பங்களோடு நிற்கும் ப்ளூம் கால்வாய் வீடுகள் மூன்றும் ஹென்ட்ரிக் டி கைசர் சங்கத்தின் உடைமை. 1961இல் நினைவுச்சின்னச் சட்டம் வந்தது. குடியிருப்போரும் பாதுகாப்பு ஆர்வலரும் விடாமல் எதிர்த்ததால், 1972இல் பழைய தெருவமைப்பைக் காக்கும் திட்டத்தை மாநகராட்சி ஏற்றது.

இடிபாடு நின்றதும் வாங்குவோர் வந்தனர். மாணவர், ஓவியர், கட்டடக்கலைஞர், பிறகு வழக்கறிஞர், வங்கிக்காரர். 1950களின் தொடக்கத்திலிருந்தே ஒரே கட்டடத்தின் ஒவ்வொரு தளத்தையும் தனித்தனியாக உரிமைபெற்று விற்கச் சட்டம் இடம் கொடுத்திருந்தது. மாநகராட்சி அனுமதியோடு ஒரு வாடகை வீடு மூன்று நான்கு சொந்த வீடுகளாகப் பிரிந்தது. வீட்டுக்கடன் வட்டியை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளும் சலுகை 1893ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்திலிருந்தே தொடர்வது. வங்கிகள் தாராளமாகக் கடன் கொடுத்த 1990களில் அது விலையை மேலும் தூக்கியது.

இன்று அங்கே வீடு வாங்குபவர் பழைய வரலாற்றின் ஒவ்வொரு அடுக்கையும் பத்திரத்தில் சந்திக்கிறார். ஆம்ஸ்டர்டாமில் 1896க்குப் பின் விரிந்த பகுதிகளில் நிலம் பெரும்பாலும் மாநகராட்சிக்கே சொந்தம்; வீட்டுக்காரர் குத்தகை கட்டவேண்டும். யோர்டான் அதற்கு மிக முந்தியது என்பதால் மனையும் பெரும்பாலும் வாங்குபவருக்கே சேரும். தள வீடு வாங்கினால் கட்டட உரிமையாளர் சங்கத்தில் தானாகவே உறுப்பினராகிறார். கூரைக்கும் அடித்தளத்துக்கும் பங்கு கொடுக்கவேண்டும். பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்றால் சன்னலை மாற்றவும் அனுமதி வேண்டும். சொந்தக் குடியிருப்புக்கு விலையில் 2 சதவீதம் கைமாற்று வரி. கையெழுத்திட்ட பின் மனம் மாற 2003 முதல் மூன்று நாள் அவகாசம்.

இவற்றையெல்லாம்விட முக்கியமானது அடித்தள அறிக்கை. நிலத்தடி நீர் தாழ்ந்து தூண்களின் தலை காற்றில் பட்டால் பூஞ்சை அரிக்கும். நீருக்குள்ளேயே இருந்தாலும் பைன் மரத்தைப் பாக்டீரியா மெல்லத் தின்னும். சாய்ந்த தளமும் சுவர் வெடிப்பும் அழகு என்று எண்ணி வாங்கியவர்கள் பின்னர் பெருந்தொகை செலவிட நேர்கிறது. நடுச்சுவர் பல இடங்களில் இரு வீடுகளுக்கும் பொது என்பதால் பக்கத்து வீட்டாரின் சம்மதமும் பணமும் இல்லாமல் புதிய தூண் இறக்கவும் முடியாது.

குறிப்பிட்ட மதிப்புக்குக் கீழ்ப்பட்ட வீடுகளை வாங்கி உடனே வாடகைக்கு விடுவதைக் கட்டுப்படுத்தும் சட்டம் 2022இல் வந்தது. வீட்டுச் சங்கங்களின் கையில் உள்ள வீடுகளே இங்கே சாதாரண வருமானக்காரருக்கு எஞ்சிய வழி. அவை விற்கப்படாமல் இருக்கவேண்டும். பேட்டையை இடிபடாமல் காத்தவர்களின் பிள்ளைகளுக்கு அங்கே இருக்க வேறு இடமில்லை. ஒருகாலத்தில் 80,000 பேர் நெருக்கியடித்த யோர்டானில் இப்போது வாழ்பவர்கள் சுமார் 20,000 பேர்.