பரமபதமும் பாம்பு ஏணியும்: பழைய பதிப்பு, புதிய பதிப்பு



வைகுண்ட ஏகாதசி அன்று நான் போட்டிருந்த பரமபதப் படத்தைப் பார்த்துவிட்டுப் பழைய மாணவி ஒருத்தி கேட்டிருந்தாள்: "டீச்சர், இது நம்ம பாம்பு ஏணிதானே? இதுல ஏன் கட்டத்துக்குக் கட்டம் எழுத்தா இருக்கு?" நல்ல கேள்வி. இரண்டு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் தனிப் பதிவாகவே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். வகுப்பில் உட்கார்ந்த மாதிரி பொறுமையாகப் படியுங்கள்.

சுருக்கமான பதில்: ஆமாம், இரண்டும் ஒரே விளையாட்டுதான். பாடப்புத்தகத்துக்குப் பதிப்பு மாறுவதுபோல இதற்கும் பதிப்பு மாறியிருக்கிறது. பதிப்பு மாறும்போதெல்லாம் தவறாமல் கை வைத்திருக்கும் இடம் ஒன்று உண்டு. விழுந்தவன் ஏன் விழுந்தான், விழுந்த பிறகு அவனுக்கு என்ன ஆகும் என்பதுதான் அது.

முதலில் பழைய பதிப்பைப் பார்ப்போம்.

பரமபத சோபன படத்தில் சோபனம் என்பது சோபானம், அதாவது படிக்கட்டு. பரமபதத்துக்கு ஏறும் படிக்கட்டு. ஆடுகிறவரின் காய் ஓர் உயிர். கீழ் வரிசைகளில் தாழ்ந்த பிறவிகள், மேலே போகப் போகத் தேவர்களின் உலகங்கள், உச்சியில் வைகுண்டம். ஏணிகள் நற்குணங்கள். பாம்புகளுக்கு அசுரர்களின் பெயரும் தீய குணங்களின் பெயரும் எழுதியிருக்கும். வைகுண்டத்துக்குக் கொஞ்சம் கீழே ஒரு பெரிய பாம்பு வாயைப் பிளந்துகொண்டு காத்திருக்கும். மார்கழிக் குளிரில் கண்விழிக்க ஆடிய ஆட்டம் என்பதால், தூக்கம் வந்தவனை அந்தப் பாம்பே எழுப்பிவிடும்.

உருட்டுவதற்குத் தாயக்கட்டை. பித்தளையில் நீளமாக இரண்டு கட்டைகள். ஒவ்வொன்றிலும் நான்கு பக்கம். ஒரு பக்கம் வெறுமை, மற்றவற்றில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். இரண்டும் வெறுமையாக விழுந்தால் 12. தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும் என்று பல வீடுகளில் விதி வைத்திருப்பார்கள். கணக்குப் பிடித்தவர்கள் போட்டுப் பாருங்கள். இரண்டு கட்டைகளும் சேர்ந்து விழ 16 விதம் உண்டு. தாயம் அதில் 2 விதம். ஆக எட்டில் ஒரு பங்கு வாய்ப்பு. 12-க்கு 16-இல் ஒன்றுதான். 3-க்கு 16-இல் நான்கு. சதுரப் பகடையில் ஆறு எண்ணுக்கும் சம வாய்ப்பு. தாயக்கட்டையில் அப்படி இல்லை. ஆட்டத்தில் நுழைவதே கஷ்டம் என்று வைத்திருந்தார்கள் நம் பெரியவர்கள்.

இது தமிழ்நாட்டுச் சொத்து மட்டும் இல்லை. தெலுங்கில் இதற்கு வைகுண்டபாளி என்று பெயர். வடக்கே ஞான சௌபட், மராட்டியத்தில் மோட்சபட். ஆக்ஸ்போர்டு ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய ஆண்ட்ரூ டாப்ஸ்ஃபீல்ட் இந்தப் படங்களைத் தேடித் தேடி ஆராய்ந்து, 1985-இல் விரிவான கட்டுரை எழுதினார். வடநாட்டு வைணவர்களின் படங்களில் 72 கட்டங்கள் உண்டு, சமணர்களின் படங்களில் 84, முஸ்லிம் சூஃபிகளின் படங்களில் 101. கட்டத்தின் எண்ணிக்கையும் எழுதியிருக்கும் பெயர்களும் மாறும். ஆனால் கீழிருந்து மேலே ஏறுவதும், தன் குற்றத்தால் சறுக்குவதும் எல்லாவற்றுக்கும் பொது. நம் வகுப்பில் எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் ஒரே பாயில் உட்கார்ந்து ஆடியதற்குச் சரித்திரத்திலேயே இடம் இருந்திருக்கிறது!

மராட்டிய ஞானி ஞானேஸ்வரர் 13-ஆம் நூற்றாண்டில் இதை உருவாக்கினார் என்று வாட்ஸ்அப்பில் அடிக்கடி வருகிறது. அது நம்பிக்கை வழிச் செய்தி. இன்று கையில் கிடைக்கும் பழைய படங்கள் பெரும்பாலும் 18-ஆம் நூற்றாண்டையும் அதற்குப் பிந்தைய காலத்தையும் சேர்ந்தவை.

இனி இரண்டாம் பதிப்பு. இது இங்கிலாந்தில் வந்தது.

இங்கே வேலை பார்த்த வெள்ளைக்காரர்கள் வழியாக விளையாட்டு கப்பல் ஏறியது. 1890-களில் லண்டன் பொம்மைக் கம்பெனிகள் அதை அச்சிட்டு விற்றன. வைகுண்டம் போனது, பிறவிகள் போயின, அசுரர்கள் போனார்கள். அவற்றுக்குப் பதிலாக விக்டோரியா காலத்து நீதிபோதனை வந்தது. சிக்கனம், மனம் வருந்துதல், உழைப்பு என்று ஏணிகளுக்குப் பெயர். அவற்றில் ஏறினால் நிறைவு, அருள், வெற்றி. பாம்புகளுக்கு மிதமிஞ்சிய சுகம், கீழ்ப்படியாமை, சோம்பல் என்று பெயர். அவற்றில் இறங்கினால் நோய், அவமானம், வறுமை. நம் படத்தில் பாவத்தின் கூலி அடுத்த பிறவியில் வரும். அவர்கள் அட்டையில் இந்தப் பிறவியிலேயே, அதுவும் பணப்பையில் வந்து விடிந்தது.

இன்னொரு மாற்றத்தையும் கவனியுங்கள். பழைய இந்தியப் படங்களில் ஏணிகளைவிடப் பாம்புகள் அதிகம். நல்ல வழி அரிது, கெட்ட வழி பெரிது என்பது பொருள். ஆங்கிலப் பதிப்பு பாம்பையும் ஏணியையும் சரிசமமாக்கியது. பிள்ளைகள்மேல் கொஞ்சம் இரக்கம் வந்துவிட்டது.

மூன்றாம் பதிப்பு அமெரிக்காவில், 1943-இல். மில்டன் பிராட்லி கம்பெனி பாம்பையே எடுத்துவிட்டுப் பூங்காவில் இருக்கும் சறுக்குமரத்தை வைத்தது. ஆனால் காரணத்தை விட்டுவிடவில்லை. எழுத்துக்குப் பதில் படமாக வைத்தது. அலமாரி உச்சியில் இருக்கும் பிஸ்கட் ஜாடியை எட்டப் போன பிள்ளை 87-ஆம் கட்டத்திலிருந்து 24-க்குச் சறுக்குகிறது. நல்லது செய்த பிள்ளை ஏணியில் ஏறுகிறது.

நம் ஊர்க் கடைகளில் விற்றது நான்காவது வகை. அட்டையின் ஒரு பக்கம் லூடோ, மறுபக்கம் பாம்பு ஏணி. லூடோவும் நம் பச்சீசி ஆட்டம்தான். 1896-இல் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தது. அந்த அட்டையில் பாம்பு உண்டு, பாம்புக்குப் பெயர் கிடையாது. 1 முதல் 100 வரை வெறும் எண்கள். அமெரிக்காக்காரன் பாம்பை விட்டுக் காரணத்தை வைத்துக்கொண்டான். நாம் காரணத்தை விட்டுப் பாம்பை வைத்துக்கொண்டோம்! மாணவியின் கேள்விக்கு இதுதான் பதில். நீங்கள் ஆடியது எழுத்து அழிந்த பதிப்பு.

ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். பழைய படத்திலும் காயை நகர்த்தியது தாயக்கட்டைதான். ஆடியவன் எந்தப் பாவத்தையும் யோசித்துச் செய்யவில்லை. கட்டை உருண்டது, பொய் சொன்னவன் ஆகிவிட்டான். அப்படிப் பார்த்தால் பெயர் இல்லாத அட்டைதான் நேர்மையானது. எல்லாம் அதிர்ஷ்டம் என்று ஒப்புக்கொள்கிறது. ஆனால் பெயர் எழுதியிருந்ததால் ஒரு வேலை நடந்தது. காய் பாம்பின் வாயில் விழுந்ததும் பக்கத்தில் இருக்கும் பாட்டி, "இவன் யார் தெரியுமா?" என்று அந்த அசுரனின் கதையை ஆரம்பிப்பார். விழுந்த இடத்தில்தான் கதை பிறந்தது. விடிய விடிய ஆட்டம் நீண்டதற்குக் கட்டையைவிடக் கதைதான் காரணம்.

பதிப்பு மாற மாற விழுகை மென்மையாவது இந்த ஒரு விளையாட்டில் மட்டும்தானா என்ற சந்தேகம் எனக்கு இருந்தது. அதைத் தீர்த்தவன் பெங்களூரில் படிக்கும் என் பேரன். அவன் நண்பர்களோடு மேசையைச் சுற்றி உட்கார்ந்து டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்று ஒன்று ஆடுகிறான். 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் உருவாக்கியது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் வீரன், மந்திரவாதி என்று ஆளுக்கொரு வேடம். சண்டையில் என்ன ஆகும் என்பதைப் பகடை சொல்லும். அனுபவம் சேரச் சேரப் படிப்படியாக உயரலாம். கேட்டதும் எனக்குப் பரமபதம்தான் நினைவுக்கு வந்தது.

"ஆயா, பழைய பதிப்புல செத்தா செத்ததுதான். புது ஆள எடுத்துக்கிட்டு முதல் படியிலேருந்து வரணும்" என்றான். நோண்டி நோண்டிக் கேட்டேன். 1974 பதிப்பில் ரத்தக் காட்டேரி தொட்டால் இரண்டு படி இறங்கிவிடும். மாதக்கணக்கில் ஆடிச் சேர்த்தது ஒரு தொடுகையில் போகும். அச்சு அசல் நம் பெரிய பாம்பு! 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் காட்டேரி கடித்தால் உடல் வலு குறையும். கதைக்குள் ஓர் இரவு நன்றாகத் தூங்கி எழுந்தால் திரும்பிவிடும். உயிர் போகும் நிலைக்கு வந்தாலும் உடனே சாவு இல்லை. பகடை உருட்டி, மூன்று முறை தோற்றால்தான் சாவு.

அறவழியில் நிற்பதாகச் சபதம் எடுத்த பாலடின் என்ற வீரன் அதில் உண்டு. 1978 பதிப்பில் அவன் தெரிந்தே ஒரு தீச்செயல் செய்தால் அந்தத் தகுதி நிரந்தரமாகப் போகும், திரும்பக் கிடைக்காது. சிறிய பிழை என்றால் குருவிடம் சொல்லிப் பிராயச்சித்தம் செய்ய வேண்டும். 2008-இல் வந்த நான்காம் பதிப்பு இந்தத் தண்டனையை எடுத்துவிட்டது. ஐந்தாம் பதிப்பில் சபதம் உண்டு. மீறினால் என்ன செய்வது என்பதைக் கதை நடத்துபவரிடமே பெரும்பாலும் விட்டுவிட்டார்கள்.

பழையதை ஆடியவர்கள் "புதியது சப்பென்று இருக்கிறது" என்கிறார்களாம். புதியவர்கள் "ஒரு பகடைக்காக ஆறு மாத உழைப்பை அழிப்பது என்ன நியாயம்" என்கிறார்களாம். இந்தச் சண்டையைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஆசிரியர் அறையில் முப்பது வருடம் நான் கேட்ட சண்டை இது. அங்கே அதற்குப் பெயர் "ஆல் பாஸ்".

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் சின்ன வகுப்பிலேயே பெயில் போடுவது உண்டு. அப்படி நின்ற பெண் பிள்ளைகள் பலர் ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் வரமாட்டார்கள். வீட்டுக்குப் போய்க் கேட்டால், "படிப்பு ஏறல டீச்சர், தம்பியப் பாத்துக்கட்டும்" என்பார்கள். சிலர் களை எடுக்கப் போனார்கள், சிலர் பீங்கான் பட்டறைக்குப் பொம்மைக்கு வண்ணம் அடிக்கப் போனார்கள். 2009-இல் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் வந்தது; எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தக் கூடாது என்றது. 2019-இல் அதைத் திருத்தி, 5, 8 வகுப்புகளுக்குத் தேர்வு வைக்க வழி செய்தார்கள். தமிழ்நாட்டிலும் அந்த ஆண்டு பொதுத்தேர்வு அறிவித்து, 2020 பிப்ரவரியில் ரத்து செய்தார்கள். இந்த விளையாட்டுக்கும் பதிப்பு மாறிக்கொண்டே இருக்கிறது.

இரண்டு பதிப்பிலும் பாடம் நடத்தியவள் என்ற முறையில் என் கருத்தைச் சொல்கிறேன். பரமபதத்தில் எவ்வளவு பெரிய பாம்பு கடித்தாலும் காய் படத்தைவிட்டு வெளியே போகாது. ஏதோ ஒரு கட்டத்தில் நிற்கும். அடுத்த முறை அதற்கும் கட்டை உருட்டும் உரிமை உண்டு. கடைசியில் இருப்பவனை எழுந்து போகச் சொல்லும் விதி அதில் இல்லை. நம் பழைய பெயில் முறை அப்படி இல்லை. விழுந்த பிள்ளையைப் படத்தைவிட்டே வெளியே தள்ளியது. அதைக் கண்டிப்பு என்று சொன்னவர்கள் பரமபதத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. அந்த வகையில் சட்டம் செய்தது நல்ல காரியம்.

ஆனால் பெயர் இல்லாத பாம்பு அட்டை மாதிரி, எதில் சறுக்கினோம் என்று பிள்ளைக்குச் சொல்லாமலே மேல்வகுப்புக்கு அனுப்பியதும் நடந்தது. கழித்தல் கணக்கில் கடன் வாங்கத் தெரியாத பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் இயற்கணிதத்தின்முன் திகைத்து நின்றது. அதுவரை அதன் பாம்புக்கு யாரும் பெயர் சொல்லவில்லை. விழுந்தால் வலிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. விழுந்த கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்ட ஓர் ஆள் வேண்டும். வீட்டிலும் அப்படித்தான்.

இப்போது ஒரு வீட்டுப்பாடம். உங்கள் வீட்டுப் பரணிலோ பூஜை அலமாரியிலோ பழைய பரமபதப் படம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். எத்தனை கட்டம், எத்தனை பாம்பு, எத்தனை ஏணி, பெரிய பாம்பின் பெயர் என்ன என்று எழுதி, போட்டோவும் எடுத்துக் கீழே போடுங்கள். மடிப்பில் கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. ஒவ்வொரு வீட்டுப் படத்துக்கும் என்ன வேறுபாடு என்று சேர்ந்து பார்ப்போம். பாட்டி சொன்ன கதை நினைவிருந்தால் அதையும் எழுதுங்கள். எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டேன்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர், மங்கலம்பேட்டை