ஈரத்தை மேலே வையுங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. பிளேன்ரீ ஒன்றை ஊற்றி வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

போன வாரம் எங்கள் பாடசாலையில் ஒரு சேர் ஓய்வு பெற்றார். பகல் சாப்பாட்டுக்கு ஒரு ஹோட்டலில் 4 சஹன் சொன்னோம். (கடையின் பெயரைக் கேட்க வேண்டாம், சொல்ல மாட்டோம்.) அவர்களுடைய பேஸ்புக் விளம்பரத்தில் சோறு மலை மாதிரி, மேலே இரண்டு முழுக் கோழி, பக்கத்தில் வட்டிலாப்பம், "6 பேருக்கு" என்று பெரிய எழுத்து. 1 மணிக்குத் தருவதாகச் சொன்னது வந்து சேர 2.40. மூடியைத் திறந்தால் ஒரு சஹனில் கோழித் துண்டு நான்கு. ஆள் ஆறு, துண்டு நான்கு. கணித ஆசிரியராலும் அதைப் பிரிக்க முடியவில்லை. வட்டிலாப்பத்துக்குத் தனி விலையாம். போன் எடுத்துக் கேட்டால், "அது மொடலுக்குப் போட்ட படம் சேர்" என்றார்கள். விளம்பரத்தைப் பெருப்பித்துப் பார்த்தோம். அடியில், மஞ்சள் நிறத்தின் மேல் வெள்ளை எழுத்தில், "நிபந்தனைகளுக்கு உட்பட்டது" என்று இருந்தது.

கோபப்பட்டவர்களை மற்றவர்கள் அடக்கினார்கள். "விடுங்க சேர், நம்மட ஆள்ட கடை. நோன்புக் கஞ்சிக்கு அரிசி குடுக்கிறவர்." காசைக் கொடுத்துவிட்டு எழும்பினோம்.

அன்று பின்னேரம் ஸ்டாப் ரூமில் இதே பேச்சுத்தான். அப்போதுதான் தானியக் குவியல் சம்பவம் நினைவுக்கு வந்தது. ஸஹீஹ் முஸ்லிமில் வருவது, பிள்ளைகளுக்கு நாமே சொல்லிக்கொடுப்பது. சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது விரலில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்பதுதான் அவரிடம் கேட்கப்பட்ட கேள்வி. மோசடி செய்பவர் பற்றிய எச்சரிக்கை அதற்குப் பிறகு வருகிறது. நாம் அந்த எச்சரிக்கையை மட்டும் மனப்பாடமாக்கிவிட்டு, முதற்கேள்வியை வேகமாகக் கடந்து போகிறோம். நனைந்த தானியத்தை விற்காதே என்று அங்கே சொல்லப்படவில்லை. அதை அடியில் வைத்ததுதான் பிரச்சினை.

பிற்காலத்தில் இஸ்லாமிய நகரங்களில் இந்த ஒரு கேள்விக்காகவே ஓர் உத்தியோகம் இருந்தது. அவருக்கு முஹ்தஸிப் என்று பெயர், அந்த வேலைக்கு ஹிஸ்பா. 1058இல் வபாத்தான இமாம் மாவர்தீ, காழிக்கும் முஹ்தஸிபுக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கியிருக்கிறார். காழியிடம் யாராவது வழக்கைக் கொண்டுபோக வேண்டும். முஹ்தஸிப் முறைப்பாடு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, தானே சந்தைக்குள் இறங்கிப் பார்க்கலாம்.

அவர் எதைப் பார்த்தார் என்பதற்குக் கைந்நூல்களே இருக்கின்றன. 12ஆம் நூற்றாண்டில் சிரியாவில் ஷைஸரீ எழுதிய 'நிஹாயதுர் ருத்பா' அவற்றில் ஒன்று. 1329இல் வபாத்தான எகிப்தின் இப்னுல் உஹுவ்வா அதைப் பின்பற்றி இன்னும் பெரிதாக எழுதினார். கறிக்கடை, பேக்கரி, பொரியல் கடை, சமையற்காரர் என்று தொழிலுக்கு ஓர் அத்தியாயம். வாசிக்கும்போது நம்முடைய சந்தியைப் பற்றி எழுதியது போலவே இருக்கும்.

கறிக்கடைக்காரர் வெள்ளாட்டு இறைச்சியைச் செம்மறியோடு கலக்கக் கூடாது. வாங்குபவருக்கு வித்தியாசம் தெரிய, வெள்ளாட்டு இறைச்சியில் குங்குமப்பூவால் புள்ளி வைக்க வேண்டும். விற்று முடியும்வரை வாலையும் வெட்டாமல் தொங்கவிட வேண்டும். வெள்ளாடு விற்பது குற்றமில்லை, அது வெள்ளாடு என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

ஆட்டைச் சுட்டு விற்பவர்கள் விஷயம் இன்னும் நுணுக்கம். அடுப்புக்குள் வைக்க முன்பே நிறுத்துக் கொப்பியில் எழுத வேண்டும். வெளியே எடுத்ததும் திரும்ப நிறுக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தால் நன்றாக வெந்திருக்கிறது என்று கணக்கு. அரைவேக்காட்டில் எடுத்தால் எடை கூடுதலாக நிற்கும் அல்லவா, அந்தத் தந்திரத்துக்குத்தான் இந்தத் தராசு.

நமக்கு மிகவும் பிடித்தது ஹரீஸா பானைக் கதை. கோதுமையும் இறைச்சியும் போட்டு இரவு முழுக்க வேகவைக்கும் சாப்பாடு, இன்றைய ஹலீம் மாதிரி. இராத்திரி இறைச்சியைப் போட்டதும் பானை மூடியில் முஹ்தஸிபின் முத்திரை விழும். விடியற்காலையில் அவருடைய ஆளுக்கு முன்னால்தான் அதை உடைத்துக் கடைய வேண்டும். ஏன்? இரவில் எல்லோருக்கும் காட்டிய இறைச்சியை, ஆள் போனதும் வெளியே எடுத்து அடுத்த நாளுக்கு வைத்துவிடக் கூடாது என்பதற்காக. முழுக் கோழிப் படத்தைக் காட்டி நான்கு துண்டு கொடுப்பது எண்ணூறு வருடப் பழைய வித்தை. அன்று அதற்கு முத்திரை இருந்தது.

எல்லாப் பெயரையும் இந்தக் கணக்கில் பிடிக்கவும் கூடாது. டொல்பின் கொத்துக்குள் டொல்பின் இல்லை என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். யாரும் ஏமாறாத இடத்தில் ஏமாற்றும் இல்லை.

நம்முடைய பழைய தேத்தண்ணிக் கடைகளையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மேசைக்கு ஒரு தட்டு நிறைய றோல்ஸ், வடை, பற்றிஸ் வரும். சாப்பிட்டதை மட்டும் எண்ணிக் காசு கொடுத்துவிட்டுப் போவோம். எதைச் சாப்பிடப் போகிறோமோ அது கண்ணுக்கு முன்னால் இருந்தது. கடைக்காரர் நம்மை நம்பினார், நாமும் தட்டைப் பார்த்தோம். (தொட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பி வைக்கிறவர்கள் அன்றும் இருந்தார்கள், அது வேறு கதை.) இன்று தட்டுக்குப் பதிலாகப் போனில் படம் வருகிறது. அதைத் தொட்டும் பார்க்க முடியாது.

இலங்கையிலும் சட்டம் இல்லாமல் இல்லை. 1979இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதையும் பழைய விலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தையும் நீக்கிவிட்டு 2003இல் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் கொண்டுவரப்பட்டது. வியாபாரி மக்களைத் தவறாக வழிநடத்துவதை அதன் 30ஆம் பிரிவு தடை செய்கிறது. பொய்யாக வர்ணிப்பதற்கு 31ஆம் பிரிவு இருக்கிறது. விலையைத் தெரியும்படி காட்ட வேண்டும், கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டும். முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தொலைபேசி இலக்கம் 1977. 2024 பெப்ரவரியில் ஓர் இறாத்தல் பாண் 450 கிராம் இருக்க வேண்டும் என்று வர்த்தமானியும் வந்தது. ஆனால் "6 பேருக்கு" என்றால் எத்தனை கிராம் சோறு, எத்தனை துண்டு இறைச்சி என்று எந்த வர்த்தமானியும் சொல்லாது. அதைக் கடைக்காரர்தான் சொல்ல வேண்டும், அல்லது நாம் கேட்க வேண்டும்.

இங்கேதான் நமக்கு வாய் வராது. பிற ஊரில், பிறர் கடையில் என்றால் சத்தம் போடுவோம். நம்மட ஆள்ட கடை என்றால் மானப் பிரச்சினை. வெளியில் தெரிந்தால் சமூகத்துக்குத்தானே பெயர் கெடும் என்கிறார்கள். இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் பேசவில்லை. கடைப் பலகையில் இருந்த ஒரு சொல்லுக்காக நாம் பட்டதை மறக்கவில்லை. 2013இல் ஹலால் இலச்சினைக்கு எதிரான பிரசாரம் உச்சத்தில் இருந்தபோது, உள்ளூர்ச் சந்தைப் பொருட்களிலிருந்து அதை நீக்க ஜம்இய்யதுல் உலமா அந்த வருடம் மார்ச்சில் இணங்கியது. 2014இலிருந்து சான்றிதழ் வேலையே தனி நிறுவனமொன்றிடம் போய்விட்டது. அந்த நாட்களில் நம் கடைகளுக்குப் போவதே ஓர் ஆதரவாக இருந்தது. அந்தப் பழக்கத்தில், கேள்வி கேட்பதையும் துரோகம் என்று எண்ணத் தொடங்கிவிட்டோம்.

ஆனால் அன்று நாம் என்ன சொல்லி வாதாடினோம்? பொருளுக்குள் என்ன இருக்கிறது என்று அறிவது வாங்குபவரின் உரிமை என்றுதானே சொன்னோம். அந்த உரிமை கோழியை அறுத்த முறையோடு முடிந்துவிடுமா? எத்தனை துண்டு என்று கேட்க நமக்கு ஏன் வெட்கம்?

முதலாளிமாரின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. கேஸ் விலை, கோழி விலை, வேலைக்கு ஆள் கிடைக்காத கஷ்டம் எல்லாம் உண்மை. 2024 ஜனவரியில் வற் வரி 18 சதவீதமானது. நாலு துண்டுதான் கட்டுபடியாகும் என்றால் நாலு துண்டு என்றே போடுங்கள். வட்டிலாப்பம் தனி விலை என்றால் வட்டிலாப்பத்துக்குப் பக்கத்திலேயே அதை எழுதுங்கள். 2.40 ஆகும் என்றால் 2.40 என்று சொல்லுங்கள், நாங்கள் லுஹர் தொழுதுவிட்டு ஆறுதலாக வருவோம். நனைந்த தானியத்தையும் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

நேற்று இரண்டு பேர் அந்தக் கடைக்குப் போனோம். அன்று பில் கேட்காமல் எழும்பியது எங்கள் பிழை, ஆகவே முதலில் பில்லைக் கேட்டோம். கெஷியரில் இருந்த தம்பி முகத்தைப் பார்த்தார், பிறகு உள்ளே பார்த்தார். முதலாளி வெளியே வந்து, "என்ன சேர், இவ்வளவு காலமாப் பழகுறோம், பில்லா?" என்று சிரித்தார். நாங்களும் சிரித்தோம், ஆனால் போகவில்லை. கடைசியில் துண்டுக் கடதாசி ஒன்றில் எழுதிக் கொடுத்தார்: சஹன் 4, வட்டிலாப்பம் 4, மொத்தம். துண்டுக் கணக்கையும் எழுதச் சொன்னோம். கொஞ்ச நேரம் பேனையைப் பிடித்துக்கொண்டே இருந்துவிட்டு எழுதினார். அடுத்த மாதம் விளையாட்டுப் போட்டிக்கு 10 சஹன் தேவைப்படும். விளம்பரத்தில் துண்டுக் கணக்கைப் போட்டால் இங்கேயே எடுப்போம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறோம். இன்று காலை பார்த்தபோது அவர்களுடைய பக்கத்தில் அந்தப் படம் இன்னும் மாறவில்லை.