சலவைச் சீட்டும் ‘ஏற்கிறேன்’ பொத்தானும்: ஒருதலை ஒப்பந்த விதிகளின் வரலாறு

வாடிக்கையாளர் கூட்டாக வழக்குத் தொடுப்பதைத் தடுக்கும் ஒப்பந்த விதி செல்லும் என அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2011 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு செப்டம்பரிலேயே சோனி நிறுவனம் பிளேஸ்டேஷன் வலையமைப்பின் பயன்பாட்டு விதிகளில் அத்தகைய தடையைச் சேர்த்தது. 2012இல் வால்வ் நிறுவனமும் அவ்வழியில் சென்றது.

இவ்வகை விதி தமிழகத்திற்குப் புதிதன்று. சலவைக்குக் கொடுத்த புதிய சேலை தொலைந்தமை பற்றிய லில்லி ஒயிட் வழக்கின் தீர்ப்பு 1966ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் இடம்பெற்றுள்ளது. பொருள் தொலைந்தால் அதன் மதிப்பில் 15 விழுக்காடு மட்டுமே தரப்படும் எனச் சலவைச் சீட்டில் அச்சிடப்பட்டிருந்தது. இவ்விதி செல்லுமாயின், சலவையகம் எந்த ஆடையையும் 15 விழுக்காட்டு விலைக்குத் தனதாக்கிக்கொள்ள இயலும். எனவே அது பொதுக்கொள்கைக்கு முரணானது எனச் சென்னை உயர் நீதிமன்றம் கருதியது.

இக்கருத்திற்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ‘நேர்மையற்ற ஒப்பந்தம்’ எனும் வரையறையின் வழியே சட்ட வடிவம் தந்தது. நியாயமான காரணமின்றி ஒப்பந்தத்தை ஒருதலையாக முறிக்கும் உரிமையும் அவ்வரையறையுள் அடங்கும். காரணம் கூறாது விளையாட்டுக் கணக்கை முடக்கும் விதியை இதன்கீழ் வினவலாம்.

ஆயின் அவ்விதியைச் செல்லாதென அறிவிக்கும் அதிகாரம் மாநில, தேசிய ஆணையங்களுக்கே உண்டு. மாவட்ட ஆணையத்திற்கு இல்லை. சிட்லபாக்கத்தில் வசிக்கும் நுகர்வோர் தம் வசிப்பிடத்தின் அடிப்படையிலேயே முறையிடலாம். சென்னையும் அருகிலேயே உள்ளது. எனினும், சில நூறு ரூபாய் விளையாட்டுக்காக மாநில ஆணையத்தை நாடுவோர் அரியர். ஒரு சேலையின் இழப்பிலிருந்து உருவான கொள்கை சிறு தொகை இழந்தோர்க்கும் பயன்பட வேண்டுமெனில், அவ்வதிகாரம் மாவட்ட ஆணையத்திற்கும் வழங்கப்படல் வேண்டும்.