முதல் பாகத்தை விழுங்கிய இரண்டாம் பாகம்

2022 அக்டோபர் 3 அன்று ஓவர்வாட்ச் என்ற ஆன்லைன் ஷூட்டர் கேமின் சர்வர்களை அணைத்தார்கள். ஆன்லைன் கேம்கள் சாவது புதிதில்லை. ஆட்கள் குறைவார்கள், வருமானம் குறையும், ஒருநாள் கடையை மூடிவிடுவார்கள். ஓவர்வாட்ச் அப்படிச் சாகவில்லை. ஆட ஆள் இருக்கும்போதே, இரண்டாம் பாகத்துக்கு இடம் விடுவதற்காக அதை மூடினார்கள். மறுநாள் ஓவர்வாட்ச் 2 வந்தது. காசு கொடுத்து முதல் பாகத்தை வாங்கியிருந்தவர்கள் அதைத் திறந்தபோது உள்ளே இருந்தது இரண்டாவது.

ஒரு நாவலின் இரண்டாம் பாகம் வெளியாகும் நாளில் பதிப்பகத்துக்காரர்கள் வீடு வீடாக வந்து முதல் பாகத்தை அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். புதிய பாகத்தில் பாதி அத்தியாயங்கள் இல்லை. "அப்புறம் எழுதித் தர்றோம்" என்கிறார்கள். ஏழு மாதம் கழித்து, "எழுதப்போவதில்லை" என்கிறார்கள். நடந்தது இதுதான். இதைச் செய்தவர்கள் வார்கிராஃப்ட், டியாப்லோ, ஸ்டார்கிராஃப்ட் எல்லாம் செய்த பிளிஸ்ஸார்ட் நிறுவனத்தார்.

"சரி, கேம்தானே, இதுல என்ன இருக்கு?" என்று கேட்கலாம். என்னிடம் பலரும் கேட்டிருக்கிறார்கள். பதில் சொல்ல 2014க்குப் போக வேண்டும்.

அதற்கு முன்பு ஏழு வருடமாக பிளிஸ்ஸார்டில் டைட்டன் என்ற பெயரில் ஒரு ராட்சத ஆன்லைன் உலகத்தைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அது தேறவில்லை. 2013இல் குழுவைக் கலைத்தார்கள். மிஞ்சிய சுமார் 40 பேரிடம் சில வாரங்களுக்குள் புதிதாக ஒரு யோசனை கொண்டுவரச் சொன்னார்கள். டைட்டனின் இடிபாடுகளிலிருந்து அவர்கள் எடுத்துக் கோத்ததுதான் ஓவர்வாட்ச். 2014 நவம்பரில் கலிஃபோர்னியாவின் அனஹைம் நகரில் நடந்த பிளிஸ்கான் விழாவில் அறிவிப்பு. 2016 மே 24இல் வெளியீடு. அறுவருக்கு எதிராக அறுவர். தொடக்கத்தில் 21 ஹீரோக்கள். தோற்றுப்போன ஒரு திட்டத்தின் மிச்சம் இவ்வளவு பிரகாசமாக இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. கரும்பச்சை, சாம்பல் என்று அழுதுவடிந்த ராணுவ ஷூட்டர்களின் நடுவே இது ஒரு திருவிழாத் தெரு மாதிரி இருந்தது. கொரில்லா விஞ்ஞானி, ஜெர்மன் கிழட்டு வீரன், ஹைதராபாத்தில் பிறந்த கட்டடக் கலைஞி, எல்லோருக்கும் இடமிருந்தது.

அதன் ஒப்பந்தமும் எளிமையானது. ஒருமுறை காசு கொடு. அதற்குப் பின் வரும் ஹீரோக்களும் மேப்புகளும் எல்லோருக்கும் இலவசம். ஆடை அலங்காரங்களுக்கு மட்டும் லூட் பாக்ஸ். அந்தப் பெட்டி சூதாட்டத்துக்கு நெருங்கிய உறவு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 2018இல் பெல்ஜிய அரசின் சூதாட்ட ஆணையமே அப்படித்தான் சொன்னது. ஆனாலும் விளையாடிக்கொண்டே இருந்தால் பெட்டிகள் சும்மாவே வந்து குவியும். இந்தப் பெட்டியை நினைத்து ஆட்டக்காரர்கள் ஏங்கும் காலம் வரும் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்போம்.

நான் ரைன்ஹார்ட் எடுப்பவன். மேலே சொன்ன கிழட்டு வீரன்தான். கையில் சம்மட்டி, முன்னால் ஒரு பெரிய ஒளிக்கேடயம். அவன் பின்னால் ஐந்து பேர் பதுங்கி வருவார்கள். அந்த ஐவரில் ஒருவர் இன்னொரு டேங்க், பெரும்பாலும் சார்யா. ரஷ்யப் பளுதூக்கும் வீராங்கனை. அவள் கூட்டாளியைச் சுற்றி ஒரு குமிழி போடுவாள்; அதன்மீது எதிரி சுடச்சுட அவள் துப்பாக்கிக்குப் பலம் ஏறும். ஆக, நான் கேடயத்தை இறக்கிவிட்டு எதிரிக் கூட்டத்துக்குள் பாய வேண்டும்; சரியாக அந்த நொடியில் அவள் குமிழி போட வேண்டும். முன்பின் தெரியாத இருவர், ஒரு வார்த்தைகூடப் பேசாமல், இருபது நிமிடத்துக்குள் இதைப் பழகிக்கொள்வார்கள். பெயர் தெரியாது, நாடு தெரியாது. ஆனால் எப்போது பாய்வார் என்பது தெரியும். இந்த கேமின் உயிர் அங்கேதான் இருந்தது என்பது என் கட்சி.

அதற்கு ஒரு விலையும் இருந்தது. டேங்க் எடுக்க ஆள் கிடைக்காது. எல்லோருக்கும் சுட வேண்டும், முன்னால் நின்று அடி வாங்க யாருக்கும் ஆசையில்லை. 2019இல் ஒவ்வொரு அணியிலும் இரண்டு டேங்க், இரண்டு டேமேஜ், இரண்டு சப்போர்ட் என்று சட்டம் போட்டார்கள். அதன் பிறகு, சுட விரும்பியவர்கள் ஒரு ஆட்டத்துக்காக நிமிடக்கணக்கில் வரிசையில் காத்திருந்தார்கள். ஒரிசா, சிக்மா என்று இரண்டு கேடயங்கள் ஒன்றாக வந்தால் ஆட்டம் சுவரைச் சுடுகிற வேலையாகிவிடும். இந்தப் புகார்கள் நியாயமானவை. யாராவது எதையாவது செய்தே ஆக வேண்டியிருந்தது.

2019 நவம்பர் 1, மறுபடி அனஹைம். நிறுவனத்துக்கு அது நல்ல நேரமில்லை. ஹாங்காங் போராட்டத்தை ஆதரித்துப் பேசிய ஹார்த்ஸ்டோன் ஆட்டக்காரர் ஒருவரை முந்தைய மாதம்தான் தடை செய்திருந்தார்கள். அரங்கத்துக்கு வெளியே எதிர்ப்பாளர்கள் நின்றார்கள். உள்ளே, ஓவர்வாட்ச் 2 அறிவிக்கப்பட்டது. அறிவித்தவர் ஜெஃப் கேப்லன். 2017 கிறிஸ்துமஸ் சமயத்தில் இவர் கணப்படுப்பின் பக்கத்தில் நாற்காலி போட்டு, மணிக்கணக்கில் ஒன்றுமே பேசாமல் கேமராவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை ஆயிரக்கணக்கானவர்கள் நேரலையில் பார்த்தார்கள். அந்த அளவுக்குப் பிரியம். அவர் சொன்னால் நம்புவார்கள்.

சொன்னது இது: இனி ஆட்டக்காரர்கள் ஒன்றாகச் சேர்ந்து இயந்திரப் படைகளை எதிர்க்கும் கதைப் பகுதி வரும். அதற்கு மேல் ஹீரோ மிஷன்கள். திரும்பத் திரும்ப ஆடலாம், ஒவ்வொரு ஹீரோவையும் வளர்த்தெடுத்து அவர்களுடைய திறன்களையே மாற்றலாம். முக்கியமாக இன்னொன்றும் சொன்னார். முதல் பாகத்துக்காரர்கள் கைவிடப்பட மாட்டார்கள். புது ஹீரோக்களும் மேப்புகளும் அவர்களுக்கும் வரும். இரண்டு பாகத்தவரும் ஒன்றாகவே மோதலாம்.

இப்போது திரும்பிப் பார்க்கையில் எனக்குப் பெரிதாகத் தெரிவது இந்தக் கடைசி வாக்குதான். எல்லோரும் ஹீரோ மிஷன் போச்சே என்றுதான் புலம்புகிறார்கள். அது வரவேயில்லை, ஆகவே அதை யாரும் இழக்கவுமில்லை. கையில் இருந்ததைப் பற்றிய வாக்கு வேறு ரகம்.

அதன் பின் வந்தது மௌனம். 2020 ஏப்ரலில் எக்கோ என்ற ஹீரோ வந்தாள், 32ஆவது. அதற்கப்புறம் இரண்டரை வருடத்துக்குப் புதிய ஹீரோ கிடையாது. 2021 ஏப்ரலில் கேப்லன் விலகினார். அடுத்த மாதம், அவருடைய இடத்துக்கு வந்த ஆரோன் கெல்லரும் குழுவினரும் நேரலையில் அறிவித்தார்கள்: இனி அறுவர் இல்லை, ஐவர். அணிக்கு ஒரே ஒரு டேங்க்.

கணக்காகப் பார்த்தால் இது கெட்டிக்காரத்தனம். முன்பு 12 பேர் சேர 4 டேங்க் வேண்டும். இப்போது 10 பேருக்கு 2 போதும். வரிசை குறையும், கேடயமும் குறையும். ஆனால் நான் மேலே சொன்ன அந்த இருவர் உறவு இந்தக் கணக்கில் எங்கும் வராது. டேங்க் எடுக்க ஏன் ஆள் வரவில்லை? அது பாரம் மிகுந்த வேலை என்பதால். அந்தப் பாரத்தைப் பகிர்ந்துகொண்டிருந்த இன்னொருவரை நீக்கியது அதற்கு மருந்தா? இனி தோற்றால் பழி முழுக்க ஒரே தலையில். சார்யாவுக்குக் குமிழி இன்னும் இருக்கிறது. ரைன்ஹார்ட் பக்கத்தில் அவள் இல்லை.

அந்த ஜூலையில் பாலியல் தொல்லை, பாரபட்சம் ஆகிய குற்றச்சாட்டுகளோடு கலிஃபோர்னிய அரசு அமைப்பு ஒன்று ஆக்டிவிஷன் பிளிஸ்ஸார்ட்மீது வழக்குத் தொடர்ந்தது. அது தனிக் கட்டுரைக்கான விஷயம், இங்கே கடந்து போகிறேன்.

2022இல் வாக்கை இரண்டாக வெட்டினார்கள். மோதல் பகுதி முதலில் வரும், கதைப் பகுதி பின்னால் வரும். மோதல் இலவசம். இலவசம் என்ற சொல் வந்ததும் பழைய ஒப்பந்தம் செத்தது. லூட் பாக்ஸ் போய் பேட்டில் பாஸ் வந்தது. புது ஹீரோ கிரிகோவைக் காசில்லாமல் எடுக்க, புதிதாக வருபவர் 55ஆம் படிவரை ஏற வேண்டும். ஒரு நல்ல ஸ்கின் 1900 காயின், ஏறக்குறைய 20 டாலர். வாரம் முழுக்க எல்லாச் சவால்களையும் முடித்தால் கிடைப்பது 60 காயின். வகுத்துப் பாருங்கள், ஏழு மாதத்துக்கு மேல் வரும். இதோடு, கணக்கைத் திறக்க போன் நம்பர் வேண்டும், ப்ரீபெய்டு நம்பர் செல்லாது என்றும் ஒரு விதி. வருடக்கணக்காக ஆடியவர்கள் சிம் கார்டு சரியில்லை என்று வாசலில் நிறுத்தப்பட்டார்கள். கூச்சல் எழுந்ததும் பழைய ஆட்டக்காரர்களில் பெரும்பாலோருக்கு அதைத் தளர்த்தினார்கள்.

இவை அத்தனையையும் பலர் பொறுத்துக்கொண்டதற்கு ஒரே காரணம் அந்த எண் 2. பெரிய விஷயம் ஒன்று பின்னால் வருகிறது, அதற்காகத்தான் இத்தனை இடித்துக் கட்டுகிறார்கள் என்று நினைத்தார்கள். 2023 மே 16 அன்று ஹீரோ மிஷன்கள் கைவிடப்பட்டதாக அறிவித்தார்கள்.

சில நாள் கழித்து கெல்லர் எழுதிய விளக்கம் வரலாற்று ஆவணமாகவே முக்கியமானது. குழுவிடம் ஆரம்பத்திலிருந்தே ஒரு மூன்று கட்டத் திட்டம் இருந்ததாம்: தவழ்வது, நடப்பது, ஓடுவது. ஓவர்வாட்ச் வெறும் தவழல். கூட்டாக ஆடும் கதைப் பகுதி நடை. ஓட்டம் என்பது ஒரு பிரம்மாண்ட ஆன்லைன் உலகம். அதாவது, டைட்டன். செத்துவிட்டது என்று எல்லோரும் நினைத்த பிசாசு வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது. அந்தத் திட்டத்தின் பின்னால் போனதில், மக்கள் ஆடிக்கொண்டிருந்த கேமிலிருந்து ஆட்களும் கவனமும் விலகிவிட்டதை அவரே ஒப்புக்கொண்டார். கோடிக்கணக்கானவர்களின் விளையாட்டை அதைச் செய்தவர்கள் ஒரு படிக்கட்டாக மட்டும் பார்த்தார்கள். பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. கனவு கண்டார்கள், அந்தக் கனவுக்கு அடுத்தவர்களின் வீட்டை அடகு வைத்தார்கள். பொய்யைவிட இதை மன்னிப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது.

2023 ஆகஸ்ட் 10இல் மிஞ்சியதில் மூன்று கதை மிஷன்களை 15 டாலருக்கு விற்றார்கள். அதே நாளில் ஸ்டீம் தளத்திலும் கேம் வந்தது. தீர்ப்பு சொல்ல ஒரு பொது இடம் இல்லாமலிருந்த ஆட்டக்காரர்களுக்கு அது வாய்ப்பு. இரண்டு நாளில், அந்தத் தளத்திலேயே மிக மோசமாக மதிப்பிடப்பட்ட கேம் என்ற இடம் அதற்குக் கிடைத்தது. அந்தக் கண்டனங்களில் பெரும்பங்கு சீன மொழியில் இருந்தது. நெட்ஈஸ் நிறுவனத்தோடு இருந்த ஒப்பந்தம் முறிந்ததால் அந்த ஜனவரியில்தான் சீன சர்வர்கள் அணைந்திருந்தன. அவர்களுக்கு முதல் பாகமும் இல்லை, இரண்டாவதும் இல்லை. பிறகு இரு தரப்பும் சமாதானமாகிவிட்டன. ஆனால் 2024 டிசம்பரில் அறுவருக்கு அறுவர் என்ற அதே வடிவில் மார்வெல் ரைவல்ஸ் என்று ஒரு கேம் வந்து கூட்டத்தை அள்ளியது. அதைச் செய்தவர்களும் நெட்ஈஸ்தான்.

தமிழின் முதல் பேசும் படமான காளிதாஸின் (1931) பிரதி இன்று இல்லை. அலட்சியத்தில் போனது. அலட்சியம் புரிந்துகொள்ளக்கூடியது. ஓவர்வாட்ச் விஷயத்தில் பிரதி பத்திரமாக இருக்கிறது. உரிமையாளரிடம் இருக்கிறது. வாங்கியவருக்குத்தான் இல்லை. பின்னாளில் த க்ரூ என்ற கார் பந்தய கேமை 2024 மார்ச்சில் அதன் நிறுவனம் இப்படியே அணைத்தபோது, ஐரோப்பாவில் இதற்கெதிராக ஒரு மனு இயக்கம் தொடங்கி 10 லட்சத்துக்கும் மேலான கையெழுத்துகளைத் திரட்டியது. விற்ற பொருளை விற்றவனே அழிக்கலாமா என்பது அங்கே இப்போது சட்டக் கேள்வி.

பிளிஸ்ஸார்ட் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கியது. 2024 ஏப்ரலில் எல்லா ஹீரோக்களும் மறுபடி இலவசம். டிசம்பரில் அறுவர் ஆட்டத்துக்குச் சோதனை. 2025 பிப்ரவரியில், நம்புங்கள், லூட் பாக்ஸ் திரும்பி வந்தது. மக்கள் கொண்டாடினார்கள்.

இவற்றுக்கு நடுவில், 2024 நவம்பர் 12 அன்று, ஓவர்வாட்ச் 2க்குள் கிளாசிக் என்று ஒரு பகுதியைத் திறந்தார்கள். 2016இல் வெளியான அன்றைய நிலை: 21 ஹீரோக்கள், அணிக்கு அறுவர், அன்றைய பலங்கள், அன்றைய குறைகள். மெர்சிக்குப் பழைய வரம் திரும்பியிருந்தது, செத்துக் கிடக்கும் கூட்டாளிகள் எல்லோரையும் ஒரே வீச்சில் எழுப்புவாள். 2017இலேயே அதைப் பிடுங்கியிருந்தார்கள். நான் ரைன்ஹார்ட் எடுத்தேன். பக்கத்தில் யாரோ ஒரு சார்யா. முதல் பாய்ச்சலில் குமிழி வரவில்லை, செத்தேன். மூன்றாவது முறை சரியாக வந்தது. சுமார் மூன்று வாரம் இருந்தது அந்தப் பகுதி. டிசம்பர் தொடக்கத்தில் எடுத்துவிட்டார்கள்.